நாற்பது சதவீதம்

“பெட்ரோல் காரா இருந்தா அஞ்சு நிமிஷத்துல டேங்கை நிரப்பிட்டுப் போய்க்கிட்டே இருந்திருப்போம். இந்தக் கரண்ட் வண்டியை என் தலையில கட்டினவனைச் சொல்லணும்!”

காரைப் பார்த்துவிட்டு வந்த கணவன் மறுபடி புலம்பினான். சார்ஜிங் ஸ்டேஷன் பெஞ்சில் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உட்காருங்க. எவ்வளவு ஏறியிருக்கு?”

“நாற்பது சதவீதம்தான். இரு, இன்னொரு தடவை பார்த்துட்டு வரேன்.”

“அரை மணி முன்னாடியும் நாற்பதுன்னுதானே சொன்னீங்க? அங்கே லேப் கவுன்ட்டரை மூடிடப் போறாங்க.”

“அதுக்குத்தானே நானும் கத்திக்கிட்டிருக்கேன்!”

அவன் விறுவிறுவென்று நடந்தான். இருப்புக்கொள்ளாமல் அவளும் எழுந்து பின்னாலேயே போனாள்.

சார்ஜர் ஒயர் காரில் இல்லை. கம்பத்திலேயே பத்திரமாக மாட்டியிருந்தது.

“நீங்களா கழட்டினீங்க?”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அது என்ன கட்டின்னு ரிப்போர்ட்டை வாங்கினாத்தானே தெரியும்? வாங்காத வரைக்கும் உனக்கு ஒண்ணுமில்லதானே?”