விடாத நோன்பு

"இந்த வெயில்லயா மாமி? தாஹிர் அண்ணன அனுப்பலாமே."

"தாஹிருக்குக் கை நெறைய வேல கெடக்கு. நீயே போயிட்டு வா. சேசம்மா பைகளுக்கெல்லாம் லைனிங் தைச்சு வச்சிருப்பா. அவசரப்படாம ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்து வாங்கிட்டு வா."

நூர் நிஷா மருமகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். கை நிறைய வேலை கிடந்த தையல்காரன் தாஹிர், மெஷினுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். சாயிமா அதைக் கவனித்தாள். வாதாடத் தெம்பில்லை. துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள்.

தாராவியில் அவர்களுக்குக் கீழே பை தைக்கிற கார்கானா, மேலே வீடு. வீடு என்றால் ஒரே அறை. அந்த ஓர் அறையில் மாமியாரையும் வைத்துக்கொண்டு ரகசியம் காப்பது லேசான காரியமில்லை. சாயிமாவும் கணவன் தௌசீபும் ஒரு வருஷமாகக் காத்து வந்தார்கள். செம்பூரில் நடந்தது குழந்தைக்கான ட்ரீட்மென்ட். வீட்டில் சொன்னது பல் வைத்தியம்.

கருவை உள்ளே வைத்த சில நாட்களில் ரமலான் பிறந்தது. நோன்புக்குத் தடையில்லாதபடி மாத்திரைகளை, விடியும் முன் சாப்பிடுகிற சஹர் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார் டாக்டரம்மா. நேற்று ரிசல்ட் வந்தது. தரிக்கவில்லை. இன்று விடியும் முன்பே உதிரப்போக்கும் வந்துவிட்டது.

அந்த நாட்களில் பெண்ணுக்கு நோன்பும் தொழுகையும் கிடையாது. ஒருத்தி நோன்பை விட்டால் வீட்டில் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள், தானாகவே புரிந்துகொள்வார்கள். சாயிமா பயந்தது அதற்குத்தான். நாள் தள்ளிப்போயிருப்பதை மாமி கவனித்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரியும். இந்த வருஷம் ஒரு நோன்பும் விடாத மருமகளுக்கு, நோன்பு திறக்கும்போது நல்ல பேரீச்சம்பழமாகப் பொறுக்கி எடுத்து வைத்தாள் மாமி. அந்த முகம் வாடுவதைப் பார்க்கச் சாயிமாவால் முடியாது.

அதனால் இன்றும் எல்லாரோடும் சஹருக்கு எழுந்தாள். தொழுகை நேரத்தில் குளிக்கப் போய்விட்டாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"வீட்டுல யார்கிட்டயாவது மனசுவிட்டுப் பேசுங்க, டென்ஷன் குறையும்" என்று கிளினிக்கில் கவுன்சலிங் செய்கிற பெண் சொல்லியிருந்தாள். யாரிடம் பேசுவது? நோன்பாளி என்று தெரிந்தும் உச்சி வெயிலில் மூட்டை தூக்க அனுப்புகிற மாமியிடமா? வழியெல்லாம் சாயிமாவுக்கு ஆத்திரமாக வந்தது. வயிறு வேறு இழுத்துப் பிடித்து வலித்தது.

நாலு சந்து தள்ளி சேசம்மாளின் வீடு. சாயிமா உள்ளே போனதும் சேசம்மாள் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினாள். அடுத்த வேலையாகத் தட்டைக் கழுவி வைத்துச் சோற்றைப் போட்டாள். நெத்திலிக் குழம்பு வாசனை அந்தச் சின்ன வீடு முழுக்க நிறைந்திருந்தது.

"உக்காரு பிள்ள."

"நோன்பு ஆன்ட்டி."

"சரி, சாப்பிடு."

"நோன்புன்னு சொல்றேன்ல."

"கதவத்தான் சாத்திட்டேன்ல. சாப்பிடு."

சேசம்மாளுக்கு இங்கிதம் கொஞ்சம் கம்மி என்று அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த அளவுக்கு என்று சாயிமா நினைக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பையக் குடுங்க ஆன்ட்டி, நான் போறேன்."

"என்ன பை? லைனிங் துணியே இன்னும் வந்து சேரல. நான் எங்கேருந்து தைக்க?"

"மாமி தைச்சு வச்சிருக்கீங்கன்னாங்களே."

"அவ அப்படித்தான் சொல்லியிருப்பா."

சாயிமா தட்டைப் பார்த்தாள். ஆவி பறக்கிற சோறு. இது இவர்களுக்கும் தவக்காலமாயிற்றே என்பது அப்போதுதான் உறைத்தது. ஈஸ்டர் வரைக்கும் சேசம்மாள் மதியத்தில் வாயில் எதுவும் வைக்க மாட்டாள். தனியாக இருப்பவள்.

"நீங்கதான் மத்தியானம் சாப்பிட மாட்டீங்களே. இது யாருக்கு ஆக்குனீங்க?"

"உனக்குத்தான். உன் மாமி காலையில வந்தா. இங்கனதான் உக்காந்து ஒரு பாட்டம் அழுதா. ஊசி குத்திக் குத்தி நொந்த உடம்பு, இன்னைக்கு வெறும் வயித்தோட நடிச்சுக்கிட்டு கெடக்கும், மத்தியானம் ஏதாவது சொல்லி அனுப்புதேன், ஒரு வாய் சோறு குடுத்து அனுப்புன்னா."

சாயிமா தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமிக்கு... ஊசி பத்தித் தெரியுமா?"

"பல்லுக்கு யாராவது வயித்துல ஊசி போடுவாவளா? மொத ஊசியிலேருந்தே தெரியும். இன்னைக்குச் சஹர்ல நீ மாத்திர போடலன்னதும் மிச்சமும் வெளங்கிட்டு."

"அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நானும் அதத்தான் கேட்டேன். அவளுக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நீ உன் அழுகைய விட்டுட்டு அவளத் தேத்த ஆரம்பிச்சிருவியாம்." சேசம்மாள் குழம்பை எடுத்துச் சோற்றில் ஊற்றினாள். "நீயும் ஒண்ணும் காட்டிக்கிடாத. இந்த நாலஞ்சு நாளும் மத்தியானமானா உன்னைய இங்கதான் வெரட்டுவா. நாளைக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்?"