வலது முழங்காலில் கட்டு

ஆட்டம் முடிந்து அரைமணி நேரமாகியும் அனிபாலின் வலது முழங்காலில் நான் போட்ட கட்டு அப்படியே இருந்தது.

அவிழ்க்க மனம் வரவில்லை. பத்தொன்பது வருடமாக எங்கள் ஊர் உத்துவாதோவின் கூடைப்பந்து அணிக்குக் கட்டுப் போடுகிறேன். இவ்வளவு அழகான பொய்யை நான் சுற்றியதே இல்லை.

அடிபட்டது இடது முழங்கால்.

ஏழு ஆட்டம் கொண்ட அரையிறுதியின் மூன்றாவது ஆட்டத்தில் பட்ட அடி. அதே இடத்தில் இன்னொரு இடி விழுந்தால் அத்தோடு சரி, இனி ஓடவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அனிபாலுக்கு முப்பத்தாறு வயது. கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. உட்காரச் சொன்னால் கேட்கிற ஆளா?

இந்தத் தீவில் எதையும் மறைக்க முடியாது. முழங்காலில் அடி என்று மறுநாள் காலையே வானொலியில் சொல்லிவிட்டார்கள். எந்த முழங்கால் என்பது மட்டும் டாக்டருக்கும் அவனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

கடைசிச் சுற்றுகளில் அடிபட்ட இடத்தைத் தேடித்தான் இடிப்பார்கள். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது, நாங்களும் அதைத்தான் செய்வோம். அதனால் நல்ல காலில் ஒரு சுருள் முழுக்கச் சுற்றினேன். அடிபட்ட காலின் வீக்கத்தை டாக்டர் ஊசியால் வடித்தார், அதை வெறுமனே விட்டோம்.

எதிரணியில் அவனை மறிப்பவன் எலியுத். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக ஆடியவர்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அனிபாலின் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் வேறு யார், எலியுத்தான். ஆட்டத்துக்காகச் சடங்கைத் தள்ளிப்போடுவது எங்கள் வழக்கமில்லை. காலையில் மாதா கோயில், மதியம் பன்றி வறுவல், மறுநாள் அடிதடி.

அந்த அடிதடியை நான்கு ஆட்டமாகப் பார்த்தேன். எலியுத் அந்த வெள்ளைக் கட்டை விடவே இல்லை. இடுப்பால் இடித்தான், தொடையால் நெரித்தான். ஒவ்வொரு தடவையும் அனிபால் வலது காலைப் பிடித்துக்கொண்டு டிவி நாடகத்துக் கதாநாயகி மாதிரி துடித்தான். எங்கள் ஊர் மேளக்காரர்கள் எலியுத்தைத் திட்டிப் பாட்டே கட்டிவிட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து பாடினேன், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு.

ஒரே ஒரு குறைதான். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் நிற்பவன் விலாவில் முழங்கையால் ஒரு இடி கொடுத்துவிட்டுத் திரும்பிப் பந்தைப் போடுவது அனிபாலுக்குக் கைவந்த வேலை. நான்கு ஆட்டமாக அதைக் காணோம். பாவம், கால்வலி என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று ஏழாவது ஆட்டம். இன்னும் எட்டு விநாடி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து தரையில் உருண்டது. அனிபால் இடது காலை ஊன்றிக் குனிந்தான். எலியுத் நேராகப் பாய்ந்தால் பந்து அவனுக்கு. நடுவில் அந்தக் கால் இருந்தது.

பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

எலியுத் தயங்கி, சுற்றிக்கொண்டு வந்தான். அதற்குள் அனிபால் பந்தை எடுத்துப் போட்டுவிட்டான். ஜெயித்து இறுதிச் சுற்றுக்குப் போனோம். எலியுத்துக்கு வயதாகிவிட்டது என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அவனும் இதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. இந்த வருடத்தோடு ஓய்வு என்று அறிவித்திருந்தான்.

இப்போது எங்கள் உடைமாற்றும் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவனே வந்தான். கண்கள் சிவந்திருந்தன. கையில் ஒரு ஐஸ் பை.

"வாடா மச்சான்," என்றான் அனிபால். "எட்டு நாளா தப்பான காலையே இடிச்சிட்டிருந்தியே, கண்ணு அவிஞ்சு போச்சா?"

எலியுத் பக்கத்தில் உட்கார்ந்தான். ஐஸ் பையை நேராக இடது முழங்காலில் வைத்தான்.

"கோயில் படி ஏறும்போது உன் பின்னாடிதானடா வந்தேன். ஒவ்வொரு படிக்கும் வலது கால முன்னாடி வச்சு, இத இழுத்துக்கிட்டே ஏறின."

எட்டு நாள் தன் அணியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. நான் அவனைத் திட்டாத திட்டு இல்லை. இப்போது அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. எனக்கு அதெல்லாம் வராது. கட்டுச் சுருளை எடுத்துக்கொண்டு, "உனக்கு எங்கயாவது அடிபட்டிருக்காடா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா."

"விலா எலும்பு, அக்கா," என்றான் அனிபால். "குழந்தைய கையில வாங்கும்போதே முகத்த சுளிச்சான், பாத்தேன்."