நாலு நிமிடச் சலுகை

"கிளைவுக்கு நாலு நிமிஷமா? போன வாரம் ஒரு நிமிஷம்தானே?" டாரில் பட்டியலைத் தட்டிக் கேட்டான்.

ஆஸ்திரேலியாவின் பென்டிகோ ஊர் ஓட்டக்காரர்களின் சனிக்கிழமைப் பந்தயம் ஐந்து கிலோமீட்டர். மெதுவாக ஓடுகிறவர் முன்னால் கிளம்பலாம், வேகமானவர் கடைசியில்தான். யாருக்கு எத்தனை நிமிடம் சலுகை என்று இருபது வருடமாக முடிவு செய்பவள் நோரீன். கிளைவ் அவள் கணவர்.

"அவருக்கு முட்டி வலி" என்றாள் நோரீன், நிமிராமல்.

"எனக்கு ஒரு வலியும் இல்ல!" கிளைவ் கத்தினார். "மானத்த வாங்காத நோரீன். மாத்தி எழுது."

"எழுதினது எழுதினதுதான். போய் ஓடு."

சீசனின் கடைசிப் பந்தயம் அது. இருபது வருடத்தில் முதல்முறையாகக் கிளைவ் ஜெயித்தார். ஒருவரும் கை தட்டவில்லை.

"வீட்டுக்காரர்னா நியாயம் லீவு போட்டுடும் போல" என்றான் டாரில். எல்லோரும் சிரித்தார்கள்.

நோரீன் வெற்றிப் பட்டையைக் கணவரின் தோளில் மாட்டினாள். கிளைவ் அதைக் கழற்றப் போனார்.

"இத்தன வருஷத்துல எனக்கு ஒரு செகண்டு சும்மா குடுத்திருக்கியா? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு உனக்கு? அடுத்த சீசன்ல நானே நேர்மையா ஜெயிச்சிருப்பேன்ல?"

நோரீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெயிச்சிருப்பே. பாக்க நான் இருக்க மாட்டேன், கிளைவ். கிறிஸ்மஸைத் தாண்ட மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார். அதக் கழட்டாத, கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."