பெயர் போடாத சீட்டு

விஜயநகரில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். ஜெபிக்கச் சொல்லி எழுதிப்போடும் விண்ணப்பச் சீட்டுகளை வழக்கமாக வாசிக்கும் எஸ்தர் சிஸ்டர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால், சீட்டு டப்பா ரெபேக்காவின் கைக்கு வந்தது.

முதல் சீட்டே மாமியார் விக்டோரியாவுடையது. ரிட்டையர்டு தலைமையாசிரியை, பச்சை மைப் பேனாவை இன்னும் விடவில்லை.

"என் மருமகள் ரெபேக்காவின் கர்ப்பம் திறக்க..."

மூன்று வருடமாகக் காதால் கேட்டதை இன்று தன் வாயாலேயே வாசித்தாள். சுற்றியிருந்த பெண்களின் கைகள் அவள் தலைமேல் இறங்கின. எழுந்து ஓடவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது. குறை கணவன் ஜோஷுவாவிடம்தான் என்று டாக்டர் சொன்ன அன்றே, "அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாங்க" என்று அவன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

கடைசிச் சீட்டைப் பிரித்தாள். வாசித்தாள்.

"டாக்டர் சொன்ன குறை நீங்கி, என் மகன் தகப்பனாக..."

"யாரோட மகன்? பேரே போடலியா?" என்றார் எஸ்தர் சிஸ்டர்.

ரெபேக்கா அந்தப் பச்சை எழுத்துகளிலிருந்து கண்ணை எடுத்து மாமியாரைப் பார்த்தாள்.

விக்டோரியா மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"பேரு எதுக்கு சிஸ்டர்? ஆம்பளப் பையன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடாதா?"