நாற்பது குரல்கள்

"பழைய வெர்ஷனைக் கட்டிக்கிட்டு அழறவன் உருப்பட்டதா சரித்திரமே கிடையாது" என்றான் அண்ணன். ஒரு நாட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறவரின் முகம் இருந்தது அவனுக்கு.

தங்கை அவன் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குப் பேச்சு கிடையாது. சொல்ல நினைப்பதைக் கீபோர்டில் ஒற்றை விரலால் தட்டுவார். கம்ப்யூட்டர் அவருக்காகப் பேசும். இன்று காலையிலிருந்து அதுவும் வாய் திறக்கவில்லை.

காரணம், அண்ணன் விமானத்தில் சுமந்து வந்த பெரிய திரை. அப்பாவின் கண்ணுக்கு எழுத்துகள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஆசையாக வாங்கியது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குப் புது விருந்தாளியை அடையாளம் தெரியவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை மட்டும் காட்டிவிட்டு நின்றுகொண்டது.

"திரையை அடையாளம் காட்டற புது கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டா போதும். பத்து நிமிஷ வேலை" என்று உட்கார்ந்தவன், மதியச் சாப்பாட்டையும் அதே நாற்காலியில் முடித்திருந்தான்.

சிக்கல் சின்னதுதான். புது டிரைவர் ஓட வேண்டுமானால் அதற்குப் பின்னால் நின்று உதவும் ஒரு துணை பேக்கேஜின் புது வெர்ஷன் வேண்டும். அப்பாவின் பேச்சு புரோகிராமுக்கோ அதே பேக்கேஜின் பழைய வெர்ஷன்தான் வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்காது. லினக்ஸ் யார் பக்கமும் பேசவில்லை. முடியாது என்பதை மட்டும் திரும்பத் திரும்ப, மரியாதை குறையாமல் சொன்னது.

"இந்தப் பேச்சு புரோகிராமை யாரு லாக் பண்ணி வச்சது? அப்டேட்டே ஆக மாட்டேங்குது."

"நான்தான்."

"ஏன், இது என்ன நகையா, பூட்டி வைக்கிறதுக்கு?"

"ஒரு தடவை தானா அப்டேட் ஆகி, குரல் மாறிப் போச்சுண்ணா. அந்த வாரம் பூரா அப்பா ஒரு வார்த்தை பேசல. பழசைத் தேடிப் பிடிச்சுத் திரும்பப் போட்டு, லாக் பண்ணிட்டேன்."

அண்ணன் சிரித்தான். "குரலா? அதுக்கா இவ்வளவு பாடு? புதுசுல நாப்பது குரல் இருக்கு. ஒண்ணு நியூஸ் வாசிக்கிறவரு மாதிரி கணீர்னு இருக்கும். ஒண்ணு ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. நீங்க தண்ணி கேட்டாக்கூட நாங்க பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வருவோம். எதுப்பா வேணும்?"

அப்பா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"கேட்டுப் பாக்காமலே வேண்டாம்னா எப்படி?"

தலை அதேபோல ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணன் கட்டளையை அடித்தான். பேச்சு புரோகிராமும் அதன் குரலும் நீக்கப்படும், சம்மதமா என்று கேட்டது திரை. அவன் விரல் விசைக்கு மேலே போய் நின்றது.

"அண்ணா, தொடாத. அன்னிக்குப் பழைய வெர்ஷனை நெட்டுல எடுத்த இடத்துல இப்ப அது இல்ல. போனா போனதுதான்."

"போகட்டும்."

"பழைய திரையையே மாட்டிடு. எழுத்து சின்னதா இருந்தா இருந்துட்டுப் போகுது. அப்பா பழகிட்டாரு."

"பழசு, பழசு! என் ஆபீஸ்ல ஒருத்தன் இப்படி லாக் பண்ணி வச்சிருந்தா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கூடவே அவன் பழைய நாற்காலியையும்."

அப்பாவின் கை வந்து அவன் மணிக்கட்டின் மேல் உட்கார்ந்தது. கனம் இல்லை. ஆனால் அந்தக் கை எழுந்திருக்கவும் இல்லை.

"என்னப்பா?"

அப்பா மூலையைக் காட்டினார். பழைய திரை சுவரில் சாய்ந்திருந்தது.

அண்ணன் பெருமூச்சு விட்டான். அவன் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அப்பா தலையாட்டுவதோடு சரி. கீபோர்டைத் தொட்டதே இல்லை; அந்தக் குரலை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. "சரி, ஒரே ஒரு தடவை. அந்தக் குரல்ல அப்படி என்னதான் கொட்டிக் கிடக்குன்னு நானும் கேட்டுடறேன். அப்புறம் நான் சொல்றதைத்தான் கேக்கணும்."

கட்டளையை ரத்து செய்தான். பழைய திரையை மாட்டி, கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினான். பொடிப் பொடியாக எழுத்துகள் வந்தன. அப்பா மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்பீக்கர் ஒருமுறை கரகரத்துப் பேசியது. "வந்ததுலேருந்து உக்காந்தே இருக்க. முதுகு வலிக்கப் போகுது. போய்க் கொஞ்ச நேரம் படுடா."

அண்ணன் ஸ்பீக்கரையே பார்த்தான்.

"இப்ப சொல்லு. நீக்கிடலாமா?" என்றாள் தங்கை, திரும்பாமல்.

அவன் கீபோர்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தான். பேச்சு புரோகிராமின் லாக் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். அது நம்பியிருக்கும் பழைய பேக்கேஜுக்கும் தன் கையால் இன்னொரு லாக் போட்டான்.

"இதை இனிமே யாரும் தொட வேண்டாம்" என்றான், தொண்டையைச் செருமிக்கொண்டு.

சற்றுமுன் ஸ்பீக்கரில் ஒலித்ததும் அச்சு அசலாக அவனுடைய இதே குரல்தான்: வெளிநாட்டிலிருந்து அவன் தங்கைக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையெல்லாம் சேர்த்து உருவாக்கச் சொல்லி, தனக்கென்று அப்பா கேட்டு வாங்கிக்கொண்ட குரல்.