கடைசி அசையில் பாரம்

அவள் மேசையைத் தட்டினாள். மூன்று தட்டு.

"பன்... த... லோன்," என்றார் அவர்.

காற்சட்டை. அட்டையின் மூலையில் படமும் இருந்தது.

பக்கவாதம் வந்து ஏழு மாதம். குலேந்திரனுக்குப் பேச்சு முதலில் அடியோடு போனது. பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது. வந்தது முழுக்கப் பிரெஞ்சு. பாரிஸ் உணவகங்களில் முப்பது வருடம் வெங்காயம் வெட்டியபடி பிடித்துக்கொண்ட பாஷை. வீட்டில் அவர் அதைப் பேசியதே இல்லை.

தமிழில் ஒரு சொல் வரவில்லை. தண்ணீர் என்றுகூட வரவில்லை.

அவர் மனைவி பவானிக்குப் பிரெஞ்சு தெரியாது. கடைக்குப் போனால் அவர் பேசுவார், அவள் சுமப்பாள். வாய் அவருடையது, பை அவளுடையது என்று அயலில் பகிடி.

பேச்சுப் பயிற்சி தரும் பெண், சொற்களை அசை அசையாய் வெட்டிய அட்டைக்கட்டு ஒன்றைக் கொடுத்திருந்தாள். வீட்டில் தினமும் செய்ய வேண்டும். கீழ்வீட்டு அஜந்தா கூடவந்து விளங்கப்படுத்தினாள்.

"எல்லாத்தையும் ஒரே மாதிரித் தட்டுங்கோ அன்ரி. கடைசியில மட்டும் கொஞ்சம் அழுத்துங்கோ. இவையின்ர பாஷையில பாரம் கடைசியிலதான் விழும்."

பாரம் எங்கே விழும் என்று பவானிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியே தட்டினாள். விரல் மூட்டு வலிக்கத் தட்டினாள்.

இன்று கட்டுக்குள் இன்னோர் அட்டையைச் செருகியிருந்தாள். அவளே செய்தது. வதிவிட அட்டையைப் பார்த்துத் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கீறினாள். எங்கே வெட்டுவதென்று வாய்விட்டுச் சொல்லி, தட்டிப் பார்த்து, கோடு போட்டு மூன்றாக வெட்டினாள்.

படம் வைக்கவில்லை. படம்தான் எதிரே இருக்கிறதே.

முன்பெல்லாம் "பவானி, தேத்தண்ணி" என்று நாளுக்கு நாற்பது தரம் கத்துவார். அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். இந்த ஏழு மாதமாக அந்தக் கத்தல் இல்லை. எதிரே இருப்பது யாரென்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. அதைக் கேட்கவும் அவளுக்குப் பயம்.

ஷோ-கோ-லா முடிந்தது.

அடுத்தது அந்த அட்டை.

தட்டினாள்.

அவர் எழுத்துகளை உற்றுப் பார்த்தார். உதடு கோணியது.

"ப... வா..."

அவள் முன்னால் சாய்ந்தாள்.

"...நீ."

ஒரு பிழையில்லை. அழுத்தம் சரியாகக் கடைசியில் விழுந்தது. பதிவுத் தபால் கொண்டுவருகிற பிரெஞ்சுக்காரன் வாசலில் நின்று கூப்பிடுவது அப்படித்தான்.

"நான்தானப்பா," என்றாள். "இஞ்ச பாருங்கோ, நான்தான்."

அவர் அட்டையைக் காற்சட்டைக்கும் சொக்கலேற்றுக்கும் மேலே வைத்தார்.

அடுத்ததற்குக் கையை நீட்டினார்.