நாற்பது டிக்கெட்

ஆடித்தபசு நாள் காலை. சங்கரன்கோவிலுக்கு முந்தைய ரயில் நிறுத்தத்தில், தகரக் கொட்டகையை இருநூறு பேர் நெருக்குகிறார்கள். இங்கே ரயில்வே ஊழியர் எவருமில்லை. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜெண்ட் சண்முகையா மட்டும் உள்ளே நின்று காலிப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். சங்கரன்கோவில் ஸ்டேஷனில் கைக்காசு போட்டு முன்னதாக வாங்கிவந்த டிக்கெட்டைத்தான் அவர் விற்க முடியும். இருந்த காசுக்கு நாற்பதுதான் கிடைத்தது. "தீந்துட்டு தாயி." ஜன்னல் கம்பிக்குள் நீண்ட முப்பிடாதியம்மாளின் கை சில்லறையோடு அப்படியே நிற்கிறது. "திருவிழான்னு தெரியாதா அண்ணாச்சி? அங்கன டிக்கெட் இல்லாமப் புடிச்சா நீங்களா வந்து நிப்பீய?" பின்னாலிருந்து ஒருவன் கத்துகிறான்: "கடல மிட்டாய் விக்கதுக்கே மொதல் வேணும். மொதலில்லாத ஒமக்கு ரயிலு எதுக்கு வே?" சிரிப்பு தகரத்தில் மோதித் திரும்புகிறது. விற்பனை இப்படியே குறைந்தால் நிறுத்தத்தை எடுத்துவிடுவோம் என்று போன மாதம் ரயில்வேயிலிருந்து வந்த கடிதம் சண்முகையாவின் சட்டைப்பையில் வியர்வையில் ஊறுகிறது. கரிப்புகை கக்கிக்கொண்டு வண்டி வந்து நிற்கிறது. நிற்பது ஒரு நிமிடம்தான். கதவென்றும் ஜன்னலென்றும் பாராமல் கூட்டம் முழுவதும் ஏறுகிறது. முப்பிடாதியம்மாள் சில்லறையைக் கொட்டகைக்குள் விட்டெறிகிறாள். "நான் குடுத்துட்டேன், அந்தச் சங்கரலிங்க சாமி சாட்சி!" என்று கூவிக்கொண்டே ஓடித் தொற்றுகிறாள். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு எட்டிப் பார்க்கிறார். "எத்தன வித்தீரு?" "நாப்பது." படிக்கட்டுகளில் தொங்கும் கூட்டத்தை அவர் முன்னும் பின்னும் ஒருமுறை பார்க்கிறார். பிறகு நோட்டில் நாற்பது என்று எழுதிக்கொண்டு கொடியை அசைக்கிறார்.